இடப்பக்கம் ஒதுங்கிய கீபோர்டு

"என் தங்கச்சி முற்றுப்புள்ளி வைக்க ஆரம்பிச்சிருக்கா மேடம். அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு."

சொல்லிவிட்டு மருந்துக்கடைக்காரர் மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அது உதவியாளன் ரேடியோ தனக்கென்று ஊற்றி வைத்திருந்த தண்ணீர்.

"எங்க வீட்டுல ஒருத்தி பேச்சுக்கு நடுவுல ஒரு முற்றுப்புள்ளி வெச்சா நான் ஊரைக் கூட்டி விருந்து வைப்பேன் சார்" என்றான் ரேடியோ.

"உன் வாய்க்கு முதல்ல வை" என்றாள் கத்தரி.

கத்தரி என்பது அவளுடைய பெயரல்ல. தொலைபேசி நிலையத்தின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, பொய் சொல்கிறவர்களின் பேச்சைப் பாதியிலேயே வெட்டிப் பழகியதால் வந்த பட்டம். வேலையை விட்டுவிட்டு, பல் மருத்துவமனைக்கு மேலே ஓர் அறை பிடித்துத் துப்பறியும் நிறுவனம் தொடங்கியபோது பட்டமும் கூடவே மாடியேறி வந்துவிட்டது. மனித குலத்தைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. பாதிப் பேர் முட்டாள்கள், மீதிப் பேர் அந்தப் பாதியை நம்பிப் பிழைப்பவர்கள் என்பது அவள் கணக்கு. உதவியாளனுக்கு ரேடியோ என்ற பெயர் ஏன் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. இரண்டு நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

மருந்துக்கடைக்காரர் தன் போனை நீட்டினார். போன மாதம் தங்கை அனுப்பியவை: 'ம்', 'வேணாம் போ', 'சாப்டேன்டா அண்ணா உயிரை வாங்காத'. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு வந்தவை வேறு மாதிரி இருந்தன. 'அன்புள்ள அண்ணா, நான் நலமாக இருக்கிறேன். மன அமைதிக்காக மலைப்பக்கம் செல்கிறேன். என்னைத் தேட வேண்டாம்.'

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். 'மெசேஜ் வருதுல்ல, உயிரோட இருக்காங்கல்ல, அப்புறம் என்ன'ன்னு இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிட்டார்."

"செத்தவங்க நேர்ல வந்து புகார் கொடுத்தாத்தான் எடுத்துப்பார் போல" என்றான் ரேடியோ.

தங்கைக்கு என்ன வேலை என்று கத்தரி கேட்டாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். அவள் எழுத்தாளர், ஆனால் அவள் எழுதிய ஏழு புத்தகங்களின் அட்டையிலும் வேறொருவர் பெயரும் படமும்தான் இருந்தன. அந்த வேறொருவர், ஊரெல்லாம் பேனர் கட்டியிருக்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளர். 'போனைக் கீழே போடு, வாழ்க்கையைக் கையில் எடு' என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர். ஊருக்கு வெளியே மௌன முகாம் நடத்துகிறவர்.

"எட்டாவது புத்தகத்தைத் தன் பேர்லயே போடப்போறதா அவ முடிவு பண்ணிட்டா. அதை நேர்ல சொல்லிட்டு வரேன்னு வியாழக்கிழமை காலையில அந்த முகாமுக்குப் போனா. அதுலேர்ந்துதான் இந்த முற்றுப்புள்ளி."

"வாயே திறக்கக் கூடாதுன்னு காசு வாங்கறவன்கிட்ட சண்டை போடப் போயிருக்காங்க" என்றான் ரேடியோ.

மருந்துக்கடைக்காரர் பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்தார். தங்கையின் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் உண்டு. இது அவளுடைய எழுத்து மேஜையில் கிடந்தது. "போன், இந்த டேப், கையில கட்டற வாட்ச் மூணையும் ஒண்ணோட ஒண்ணு சிங்க் பண்ணி வெச்சிருக்கா. போன்ல ஒரு வரி எழுதினா இதுலயும் ஏறிடும். செட்டிங்ஸ் மாத்தினா இதுலயும் மாறிடும்."

"எனக்கு சிங்க்குன்னா பாத்திரம் கழுவற இடம்தான் சார் தெரியும். கல்யாணத்துக்கு அப்புறம் நான் அதிகமா நின்ன இடம்."

கத்தரி டேப்லெட்டைத் திறந்தாள். முகப்பில் ஓர் எழுத்து ஆப். அதைத் தொட்டதும் புத்தகம் விரிந்தது. அவள் புருவம் லேசாக உயர்ந்தது. ஒரு பக்கத்துக்கு ஒன்பது வரிதான் இருந்தது. ஒவ்வோர் எழுத்தும் கடைப்பலகை எழுத்து மாதிரி.

"எப்பவும் இவ்வளவு பெருசாவா வெச்சிருப்பாங்க?"

"ஐயோ இல்லை மேடம். எறும்பு சைஸ்லதான் வெச்சிருப்பா. பஸ்ல பக்கத்துல உட்கார்ந்திருக்கறவன் படிச்சிடக் கூடாதாம்."

எழுதும் இடத்தைத் தொட்டாள். கீபோர்டு முழு அகலத்துக்கு விரியாமல், சுருங்கி இடப்பக்க மூலையில் போய் நின்றது.

"பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி ஓரமா ஒதுங்கி நிக்குதே" என்றான் ரேடியோ.

"ஒத்தைக் கையால டைப் பண்றவங்க இப்படி மாத்திக்குவாங்க. இடது கைக்காரங்க இடப்பக்கம் தள்ளிக்குவாங்க. உங்க தங்கச்சி?"

"வலது கை."

கத்தரிக்குள் ஒரு பழைய சந்தோஷம் எட்டிப் பார்த்தது. புகார்ப் பிரிவில், எதிர்முனையில் இருப்பவன் பொய் சொல்கிறான் என்று முதல் மூச்சிலேயே பிடித்துவிடும்போது வருகிற அதே சந்தோஷம். "போனைத் திருடினவன் கேமராவை மறைப்பான், இருக்கற இடத்தை மறைப்பான். தன் சௌகரியத்தை மட்டும் விட மாட்டான். திருட்டு போனைக்கூடத் தன் கண்ணுக்கும் கைக்கும் தகுந்தாப்பல மாத்தி வெச்சிருக்கான். கிட்டப் பார்வை போயிடுச்சு, கண்ணாடி போட மாட்டான், இடது கைக்காரன். இவ்வளவையும் அவனே நமக்கு சிங்க் பண்ணி அனுப்பியிருக்கான்."

அடுத்து நடைக் கணக்கு காட்டும் பக்கத்தைத் திறந்தாள். அங்கே ஒரு வேடிக்கை இருந்தது. நேற்று போன் நடந்தது தொள்ளாயிரம் அடி. வாட்ச் நடந்தது பதினாலாயிரம்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு கணக்கா?" என்றான் ரேடியோ.

"ரெண்டு ஆள். போன் ஒருத்தன்கிட்ட இருக்கு. வாட்ச் இன்னும் அவ உடம்புல இருக்கு. ஓயாம நடந்துகிட்டே இருக்கா." அவள் விரல் ஒரு நேரத்தைச் சுட்டியது. "இதையும் பாரு. வாட்ச்சோட கணக்கு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா வரலை. தினமும் மதியம் ஒரு மணிக்குமேல மொத்தமா வந்து கொட்டுது. வாட்ச் நேரா டேப்போட பேசாது, போன்கிட்டதான் பேசும். அதுவும் பத்துப் பதினஞ்சு அடிக்குள்ள போன் வந்தாத்தான்."

மருந்துக்கடைக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படின்னா?"

"தினமும் ஒரு மணிக்கு போன் வெச்சிருக்கறவன் உங்க தங்கச்சி பக்கத்துல போறான். அவ மலைக்கும் போகலை, மடுவுக்கும் போகலை. எழுந்திருங்க."

---

கார் ஊரைத் தாண்டியதும் ரேடியோ பின்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து டேப்லெட்டில் புத்தகத்தைப் புரட்டினான். தனி சிம் போட்ட டேப், வழியெல்லாம் உயிரோடு இருந்தது. புத்தகத்தின் கடைசி அத்தியாயம் மட்டும் வியாழக்கிழமைக்குப் பிறகு ஏறியிருந்தது. அவன் தொண்டையைச் செருமி, மேடைக் குரலில் வாசிக்க ஆரம்பித்தான்.

"ஏழாவது படியில் நின்று திரும்பிப் பார்ப்பவன் எட்டாவது படியை இழக்கிறான்.

"குடிலில் விளக்கேற்றத் தெரிந்தவனுக்கு அரண்மனைகூட இருட்டுதான்.

"அடைத்து நிறுத்திய ஆறுதான் கடலைக் கனவு காண்கிறது.

"வைத்திருக்கிறார் இறைவன், உனக்கென்று ஒரு வாசல்.

"அண்ணா என்று அழைத்தால் அந்நியனும் உறவாவான்.

"வா என்று வாழ்வை அழை, அது ஓடிவரும்."

"நிறுத்து, காது வலிக்குது" என்றாள் கத்தரி. "இறைவன் வாசல் வெச்சிருக்காராம். ஆறு கனவு காணுதாம்."

முன்சீட்டில் மருந்துக்கடைக்காரர் சங்கடமாக நெளிந்தார். "என் தங்கச்சி இவ்வளவு மோசமா எழுத மாட்டா மேடம்."

"தெரியுது. கடைசி அத்தியாயம் கிடைக்காம அந்த ஆளே உட்கார்ந்து கிறுக்கியிருக்கான். ஏழு புத்தகத்தை அடுத்தவளை எழுத வெச்சவன், சொந்தமா எழுதினா இந்த லட்சணத்துலதான் இருக்கும். மூடி வை அதை."

ரேடியோ மூடவில்லை. முகாமுக்குத் திரும்பும் வழியைக் குறித்துக்கொள்ள ஒரு புதுத் தாளைத் திறந்து, 'என்' என்று தட்டினான். அவ்வளவுதான். கீபோர்டு தானாகவே அடுத்த சொற்களை எடுத்துக் கொடுத்தது: 'உயிரின் உயிரான உள்ளங்களே'.

"மேடம், இந்த கீபோர்டு என்னைக் கட்சிக்கூட்டத்துல பேசச் சொல்லுது."

கத்தரி திரும்பிப் பார்த்தாள். அடிக்கடி எழுதும் சொற்களை கீபோர்டு மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளும்; அந்த மனப்பாடமும் சிங்க் ஆகும். 'சாப்டேன்டா உயிரை வாங்காத' என்று எழுதுகிறவளின் கீபோர்டுக்கு இந்த வார்த்தை தெரிந்திருக்க நியாயமில்லை.

முகாம் மதில் கண்ணில் பட்டதும் அவள் காரை ஓரம் கட்டச் சொன்னாள். "நீங்க உள்ள வர வேணாம். உங்க முகம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கலாம். காரை எடுத்துக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போங்க. அந்த இன்ஸ்பெக்டரையே கூட்டிக்கிட்டு வாங்க."

"வர மாட்டேன்னா?"

"கத்தரி கூப்பிட்டான்னு சொல்லுங்க. அப்பவும் வரலைன்னா, அவர் மச்சான் விஷயத்தை நான் இன்னும் மறக்கலைன்னு சொல்லுங்க. வந்துடுவார்."

---

வாசலில் சாம்பல் நிறச் சீருடையில் ஒரு தொண்டர் பெண் உதட்டில் விரலை வைத்தபடி நின்றாள். பக்கத்தில் பூட்டுப் போட்ட மரப்பெட்டி. வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட வேண்டும். கத்தரியும் ரேடியோவும் போட்டார்கள். டேப்லெட் ரேடியோவின் கக்கத்தில், ஒரு தடித்த ஃபைலுக்குள் இருந்தது. ஃபைலைத் திறந்துபார்க்க அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை. விரலை உதட்டிலிருந்து எடுக்காமல் வேறெதையும் செய்ய முடியாதே.

கூடத்தில் நானூறு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் மடியிலும் ஒரு நோட்டு, கையில் பென்சில். மேடையில் பேச்சாளர். வயது ஐம்பத்தெட்டு என்று பேனரில் யாரும் போட்டிருக்கவில்லை. தலைமுடி கறுப்பு, மீசை கன்னங்கறுப்பு, புருவம் அதைவிடக் கறுப்பு. முழங்கால் வரை தொங்கும் வெள்ளைச் சட்டை.

"என் உயிரின் உயிரான உள்ளங்களே!" என்று அவர் கை விரித்தார்.

ரேடியோ கத்தரியின் முழங்கையை இடித்தான்.

"பதினோரு வருஷம்! பதினோரு வருஷமாக இந்தக் கை ஒரு போனைத் தொட்டதில்லை!"

நானூறு பேரும் ஓசை வராமல் கையை ஆட்டினார்கள். இங்கே கைத்தட்டலுக்கும் தடை.

"நாளை மறுநாள் என் எட்டாவது புத்தகம் உங்கள் கைக்கு வருகிறது. அதன் கடைசி அத்தியாயத்திலிருந்து ஆறு வரி சொல்கிறேன். என் நெஞ்சைப் பிழிந்து எழுதிய வரிகள். எழுதிக்கொள்ளுங்கள்." அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஏழாவது படியில் ஏறி, குடிலில் விளக்கேற்றி, ஆற்றை அடைத்து நிறுத்தி, கடைசியில் வாழ்வை வா என்று அழைத்து முடித்தார். நானூறு பென்சில்கள் சரசரவென்று ஓடின. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதே குப்பை" என்று கத்தரி முணுமுணுத்தாள். "பேரம் பேசாம வாங்கிட்டுப் போறாங்க பாரு."

---

இருநூறு ஊழியர்களை முகாமுக்கு அனுப்ப விரும்பும் நிறுவனத்தின் அதிகாரி என்று அவள் தன்னைச் சொல்லிக்கொண்டாள். இருநூறு என்ற எண்ணைக் கேட்டதும் பேச்சாளரின் மௌனம் கலைந்துவிட்டது. தன் அறைக்கே கூட்டிப் போனார்.

கத்தரி ஓர் அச்சடித்த தாளை நீட்டினாள். அவர் அதை வாங்கி, முதலில் முகத்துக்கு நேரே பிடித்தார். பிறகு கொஞ்சம் தள்ளி. பிறகு கையை முழுசாக நீட்டி. பிறகு புன்னகையோடு திருப்பிக் கொடுத்தார். "நீங்களே படிங்கம்மா. தாளைவிட மனுஷக் குரல்லதான் எனக்கு நம்பிக்கை."

"ஐயா எழுதின புத்தகத்துல ஒரு கையெழுத்து கிடைக்குமா?" என்று ரேடியோ பவ்யமாகக் கேட்டான்.

மேஜைமேல் இருந்த ஒரு பிரதியை எடுத்து அவர் கையெழுத்துப் போட்டார். இடது கையால். குனிந்தபோது வெள்ளைச் சட்டையின் பக்கவாட்டுப் பை கனத்துத் தொங்கியது.

"புத்தகமெல்லாம் ஐயாவே எழுதறதா? உதவிக்கு ஒரு அம்மா இருந்தாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றாள் கத்தரி.

அவர் முகம் அசையவில்லை. "பாவம், தட்டச்சு செய்ய வெச்சிருந்தேன். மனசு சரியில்லை, மலைக்குப் போறேன்னு போயிட்டா. போன இடத்துலேர்ந்து வீட்டுக்குத் தகவல் அனுப்பிக்கிட்டுதான் இருக்காளாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்ககிட்டதான் போன் இல்லையே."

"தொண்டர்கள் சொன்னாங்க" என்றார்.

மணி ஒன்று அடித்தது. அவர் எழுந்தார். தனிமைக் குடில்களில் மௌனவிரதம் இருப்பவர்களுக்கு இந்த நேரத்தில் வாசலில் நின்று ஆசி கொடுப்பது வழக்கமாம். கூட வந்து பார்க்கலாமா என்று கத்தரி கேட்டாள். இருநூறு பேரை நினைத்துக்கொண்டு அவர் சம்மதித்தார்.

தோட்டத்தின் பின்புறம் பன்னிரண்டு குடில்கள் வரிசையாக இருந்தன. தகரக் கூரை, ஒற்றைக் கதவு, கைக்கெட்டாத உயரத்தில் ஒரு சன்னல். கத்தரி வேண்டுமென்றே அவரைக் கதவுகளை ஒட்டிய நடைபாதையில் நடக்க வைத்து, தான் புல்தரையில் நடந்தாள். நாலடி பின்னால் ரேடியோ ஃபைலை விரித்து, குறிப்பு எடுப்பவன் மாதிரி உள்ளே பார்த்துக்கொண்டே வந்தான். கண்டுபிடித்தால் இருமு, வாயைத் திறக்காதே என்பது ஏற்பாடு.

ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு வாசலிலும் பேச்சாளர் நின்று இடது கையை உயர்த்தினார். கத்தரி திரும்பிப் பார்த்தாள். ரேடியோ உதட்டைப் பிதுக்கினான். நான்கு, ஐந்து, ஆறு. கத்தரிக்குச் சந்தேகம் வந்தது. பதினாலாயிரம் அடி நடந்தவள் இன்றைக்கு நடக்காமல் கிடந்தால்? வாட்ச்சில் சார்ஜ் தீர்ந்திருந்தால்? இந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போக வேண்டியிருக்குமே.

ஏழாவது குடிலின் கதவில் மட்டும் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. பேச்சாளர் அங்கே நிற்கவில்லை. "இது ரிப்பேர்ல இருக்கு" என்று நடையைக் கூட்டினார்.

"எட்டாயிரத்து நானூறு!"

இருமுவதாவது கிருமுவதாவது. ரேடியோ தொண்டை கிழியக் கத்திவிட்டான். "எட்டாயிரத்து நானூறு அடி மேடம்! இப்பத்தான் கொட்டிச்சு! இதே இடத்துல!"

நாலு பக்கத்திலிருந்தும் சாம்பல் சீருடைகள் ஓடிவந்து "ஷ்ஷ்ஷ்" என்றன. அந்த 'ஷ்ஷ்ஷ்' அடங்கியபோது, பூட்டிய கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"ரிப்பேர் பண்ற ஆள் உள்ளேயே இருக்கார் போல" என்றாள் கத்தரி.

பேச்சாளர் கையை உயர்த்தினார். "அந்த ஆத்மா இருபத்தொரு நாள் விரதத்துல இருக்கு. தொந்தரவு பண்ணாதீங்க."

கத்தரி அவரை விட்டுவிட்டு, சாவிக்கொத்து வைத்திருந்த தொண்டர் பெண்ணிடம் போனாள். "எத்தனை நாளா தட்டறாங்க?"

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், கத்தரியைப் பார்த்தாள், கடைசியில் மிக மெல்லிய குரலில் சொன்னாள். "நாலு நாளா. முதல் ரெண்டு நாள் கத்தினாங்க. நாங்க பதில் பேசக் கூடாது. மௌனம் பழகும்போது மன அழுக்கு அப்படித்தான் வெளியேறும்னு ஐயா சொன்னார்."

"காப்பாத்துங்கன்னு ஒருத்தி கத்தறது உனக்கு அழுக்கு வெளியேறற மாதிரியா இருந்துச்சு?"

அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. கத்தரிக்கு இரக்கம் வரவில்லை. "அழுகையை அப்புறம் வெச்சுக்கோ. சாவியைக் கொடு."

கதவு திறந்தது. தரையில் ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குடம், மேஜைமேல் வெள்ளைத் தாள்களும் பேனாவும். முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வலது கணுக்காலில், காலுறைக்கு மேல், வாட்ச் கட்டியிருந்தாள்; கையில் இருந்தால் பிடுங்கியிருப்பார்கள்.

"அண்ணன் எங்க?" என்றாள். குரல் உடைந்து கரகரத்தது.

"போலீஸைக் கூட்டிக்கிட்டு வந்துகிட்டிருக்கார். நாங்க அவர் அனுப்பின ஆளுங்க."

"அப்ப நான் எழுதினது கிடைச்சிடுச்சு" என்று அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள்.

"எழுதினதா? இல்லைம்மா, உன் வாட்ச் கணக்கை வெச்சுக் கண்டுபிடிச்சேன்." கத்தரி தன்னையும் அறியாமல் கொஞ்சம் நிமிர்ந்தாள். எழுத்தின் அளவு, இடப்பக்கக் கீபோர்டு, ஒரு மணிக்கு வந்து கொட்டிய நடைக் கணக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இருபத்திரண்டு வருஷ அனுபவம் அந்தக் குரலில் இருந்தது.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் முகத்தில் வந்தது நன்றி அல்ல, குழப்பம். "எதுக்கு இவ்வளவு சுத்து? இந்த ஆள் என் மூஞ்சிக்கு நேரா போனை நீட்டித் திறந்துட்டு, போனோட பூட்டையே எடுத்துட்டார். கடைசி அத்தியாயம் எழுதிக் கொடுத்தாத்தான் விடுவேன்னார். தாள்ல எழுதித் தரேன், நீங்களே டைப் பண்ணிக்குங்க, ஒரு வார்த்தை மாத்தினாலும் ஓட்டம் கெட்டுடும்னு சொன்னேன். என் போன்ல டைப் பண்ணினா வீட்டு டேப்ல ஏறும்னு எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. அண்ணன் பார்ப்பான்னு நம்பினேன். நீங்க படிக்கலையா?"

"படிச்சோமே. நல்லா சிரிச்சோம்" என்றான் ரேடியோ.

"வரியோட முதல் வார்த்தையை மட்டும் படிங்க."

ரேடியோ டேப்லெட்டைத் திறந்தான். அந்தக் கடைப்பலகை எழுத்தில், ஒவ்வொரு வார்த்தையாக, குரல் இறங்க இறங்க வாசித்தான். "ஏழாவது... குடிலில்... அடைத்து... வைத்திருக்கிறார்... அண்ணா... வா."

தோட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. முகாம் தொடங்கிய நாள் முதல் இப்படியொரு அசல் மௌனம் அங்கே நிலவியிருக்காது.

கத்தரிக்குக் காது மடல் சுட்டது. எழுத்தின் அளவைப் பார்த்தவள், எழுத்தைப் பார்க்கவில்லை. காரில் வைத்து, வாய்விட்டு வாசிக்கக் கேட்டும், காது வலிக்கிறது என்று சொல்லி மூடச் சொன்னவள் அவள்தான். ஒருத்தி இரண்டு நாள் கத்தியதை அழுக்கு என்று நினைத்த இந்தச் சாம்பல் சீருடைக்கும், குப்பை என்று நினைத்த தனக்கும் எத்தனை அடி தூரம்? வாட்ச்சைக் கேட்டால் சொல்லும்.

பேச்சாளர் இன்னும் புரிந்துகொள்ளாமல் நின்றார். பிறகு புரிந்தது. உதடு அசைந்தது, ஆறு வரியையும் உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. 'வா' வரைக்கும் வந்ததும் அவருடைய கறுத்த மீசைக்குக் கீழே வாய் அப்படியே நின்றுவிட்டது.

"இது... இது தற்செயல்..."

"நானூறு நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க ஐயா" என்றான் ரேடியோ. "நீங்களே சொல்லச் சொல்ல. உங்க நெஞ்சைப் பிழிஞ்சு."

வாசல் பக்கம் ஜீப் சத்தம் கேட்டது. மருந்துக்கடைக்காரர் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் ஓடிவந்தார். தங்கையைப் பார்த்ததும் அவள் தலையில் கையை வைத்தார். "இளைச்சுட்டே" என்றார். "பேசாதடா" என்று அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் பேச்சாளரின் பையில் கைவிட்டு போனை எடுத்தார். கத்தரியின் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். "மெசேஜ் வந்துகிட்டே இருந்துச்சே மேடம். அதனாலதான்..."

"வந்துச்சு. நீங்களும் படிக்கலை, நானும் படிக்கலை. உங்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்குது. எனக்கு இவர் கொடுக்கணும். எந்த முகத்தை வெச்சுக் கேட்கறதுன்னுதான் யோசிக்கறேன்."

பேச்சாளரை ஜீப்பில் ஏற்றினார்கள். கூடத்திலிருந்து நானூறு பேரும் எழுந்து வந்து வழிநெடுக நின்றார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவரேதான் சொல்லிக் கொடுத்திருந்தார். ஜீப் மறைந்ததும் ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி, பக்கத்தில் இருந்தவரிடம், "இப்ப பேசலாமா?" என்றார்.

சாட்சிக்காக போனில் இருந்ததையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு, எழுதி வாங்கிக்கொண்டு, போனைத் தங்கையிடமே கொடுத்தார் இன்ஸ்பெக்டர். நாளைக் காலை ஸ்டேஷனுக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கார்க் கதவைத் திறந்து, கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தாள். செட்டிங்ஸைத் திறந்தாள். ரேடியோவின் கையில் டேப்லெட் உயிர்பெற்றது. அவன் கண்ணெதிரே எழுத்துகள் சுருங்கிச் சுருங்கி எறும்பாயின. கீபோர்டு மூலையை விட்டு நடுவுக்கு வந்தது. கடைசி அத்தியாயம் ஒரு நொடியில் காணாமல் போனது. பிறகு புத்தகம் சரசரவென்று பின்னோக்கிப் புரண்டு முதல் பக்கத்தில் வந்து நின்றது. ஆசிரியர் என்று போட்டிருந்த இடத்தில் பேச்சாளரின் பெயர் ஒவ்வோர் எழுத்தாக அழிந்தது. கொஞ்ச நேரம் அந்த இடம் காலியாகவே இருந்தது.

அப்புறம் வேறொரு பெயர் எழ ஆரம்பித்தது. மெதுவாக, ஓர் எழுத்தை அழித்துத் திருத்திக்கொண்டு, சொந்தப் பெயரை முதல்முறையாக எழுதுகிறவள் மாதிரி.

மருந்துக்கடைக்காரர் டேப்லெட்டை வாங்கினார். கிட்டே பிடித்தார், தள்ளிப் பிடித்தார். "என்னமோ எழுதறா. என்னன்னு தெரியலையே."

"வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கறதுல ஆம்பளைங்களுக்கு அப்படி என்னதான் வெட்கமோ" என்றாள் கத்தரி. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, அவரிடம் நீட்டினாள். "போட்டுக்கிட்டு நிதானமாப் படிங்க. இந்தத் தடவை நான் குறுக்கே பேசலை."